டேனிஷ் கற்க எது சரி: வீட்டில் தனி வகுப்பா, ஆபீஸிலா, ஆப்பிலா?

புதுச்சேரியில் பிரெஞ்சு கற்க நினைத்தால் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. அது ஒத்துவராவிட்டால் யாராவது டியூஷன் எடுப்பார்கள். டென்மார்க்கின் மொழியான டேனிஷுக்கு அந்த வசதி இல்லை. இத்தனைக்கும் கடலூர், சிதம்பரம், சீர்காழி தாண்டிப் போனால் வரும் தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில்தான் இருந்தது. கோட்டை இன்றும் நிற்கிறது, மொழிதான் தங்கவில்லை. 1706-இல் அங்கே வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்குவே ஜெர்மானியர். அவர் உட்கார்ந்து கற்றதும் அச்சில் ஏற்றியதும் தமிழை.

ஆகவே டென்மார்க்கில் வேலை கிடைத்தவருக்கும், அங்கே இருக்கும் கணவரிடமோ மனைவியிடமோ போகிறவருக்கும் இங்கே இருக்கும் வழிகள் கொஞ்சம்தான். வீட்டிலிருந்தே தனி வகுப்பு, ஆபீஸில் வைக்கும் வகுப்பு, போனில் ஆப். அல்லது, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது.

முதலில் ஒரு கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு எளிதான மொழிகளின் வரிசையில் டேனிஷை வைத்திருக்கிறது. அதற்கே சுமார் 600 மணி நேர வகுப்பு தேவை என்கிறது. வாரம் இரண்டு மணி நேரம் தனி வகுப்பு வைத்தால் வருடத்துக்கு 100 மணி நேரம் வரும். வகுப்பை மட்டும் நம்பினால் ஆறு வருடம் ஆகும். எனவே 'தனி வகுப்பா, ஆப்பா' என்ற கேள்வியே அரைகுறை. காசு கொடுத்து வாங்கும் அந்த 100 மணி நேரத்தில் எதைச் செய்வது, எதை நாமே செய்துகொள்வது என்பதுதான் விஷயம்.

ஆப் நன்றாகச் செய்யும் வேலைகள் உண்டு. டூலிங்கோவில் ஆங்கிலம் வழியாக டேனிஷ் பாடம் இருக்கிறது. சொற்களைச் சேர்க்க, பெயர்ச்சொற்களின் இரண்டு பாலைப் பிரித்துப் பழக, வாக்கிய அமைப்பு கைவர அது போதும். 'இன்று நான் வேலைக்குப் போகிறேன்' என்பதை டேனிஷில் 'இன்று போகிறேன் நான்' என்ற வரிசையில் சொல்ல வேண்டும். வினை இரண்டாம் இடத்தை விட்டு நகராது. இதைப் பழக்க மணிக்கு இவ்வளவு என்று ஓர் ஆசிரியருக்குக் கொடுப்பது வீண் செலவு.

ஆப் கைவிடும் இடம் காதும் வாயும். 'ஹுன்' என்றால் அவள். அதே 'ஹுன்' தொண்டையில் சட்டென்று ஒரு வெட்டோடு வந்தால் நாய். எழுத்தில் நாய்க்குக் கடைசியில் ஒரு 'டி' உண்டு, பேச்சில் அது காணாமல் போய்விடும். உங்கள் மேலதிகாரியைப் பற்றிப் பேசும்போது எது வாயில் வந்தது என்று பச்சை நிற டிக் மார்க் நம்பகமாகச் சொல்லாது. எதிரே உட்கார்ந்து கேட்கிறவர் உடனே சொல்வார். எண்களும் அப்படித்தான். 50 முதல் 90 வரை பத்துகளின் பெயர்கள் இருபது இருபதாக எண்ணும் பழைய முறையில் வந்தவை, போதாக்குறைக்கு 75 என்பதை 'ஐந்தும் எழுபதும்' என்று திருப்பிச் சொல்வார்கள். பிரெஞ்சில் எண்பதை நான்கு இருபது என்று படித்த புதுச்சேரிக்காரர்களுக்கு இது புரிந்துவிடும். போனில் ஒருவர் வேகமாக நம்பர் சொல்லும்போது பிடிப்பதற்குத்தான் ஆள் வைத்துப் பழக வேண்டும்.

வீட்டில் தனி வகுப்பு என்பது இங்கே பெரும்பாலும் வீடியோ வகுப்புதான். ஆரோவில்லில் ஒரு டேனிஷ்காரர் அகப்பட்டால் நேரில் பேசிப் பழகலாம், அது அதிர்ஷ்டம். ஆனால் தமிழ் பேசுகிற எல்லோருக்கும் வினைத்தொகையை விளக்க வராது, அதை நினைவில் வையுங்கள். டென்மார்க்கிலிருந்து எடுப்பவர் என்றால் மணியைப் பாருங்கள். குளிர்காலத்தில் நாம் நாலரை மணி நேரம் முன்னால், கோடையில் மூன்றரை. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு அவர் மாலை ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்தால், நமக்கு டிசம்பரில் இரவு பத்தரை. அந்த நேரத்தில் தொண்டை வெட்டு வராது, கொட்டாவிதான் வரும்.

இந்த ஒரு விஷயத்தில் ஆபீஸ் வகுப்பு ஜெயிக்கிறது. அங்கே காலை எட்டு மணி என்றால் குளிர்காலத்தில் இங்கே பன்னிரண்டரை, சாப்பாட்டு இடைவேளைக்குச் சரியாக வரும். சென்னைப் பக்கம் டான்ஃபோஸ், கிரண்ட்ஃபோஸ், வெஸ்டாஸ் மாதிரி டேனிஷ் நிறுவனங்கள் இருக்கின்றன; அப்படி ஓர் இடத்திலிருந்து மாற்றலாகிப் போகிறவர், வகுப்புச் செலவை நிர்வாகம் ஏற்குமா என்று கூச்சப்படாமல் கேட்கலாம். உங்கள் மெயில், உங்கள் மீட்டிங் எல்லாம் பாடமாகும். குறை என்னவென்றால் நான்கு பேரைச் சேர்த்து உட்கார வைத்துவிடுவார்கள், ஒருவருக்கு மீட்டிங் வந்தால் எல்லோருக்கும் பாடம் தள்ளிப்போகும். பெயருக்குத்தான் தனிப் பயிற்சி.

இன்னொன்று: அங்கே பல ஆபீஸ்களில் வேலை ஆங்கிலத்திலேயே ஓடிவிடும். டேனிஷ் தேவைப்படுவது மதியச் சாப்பாட்டு மேசையில், குழந்தையை விடும் காப்பகத்தில், அடுக்ககக் கூட்டத்தில். ஆகவே துணையாகப் போகிறவருக்கு என் ஓட்டு வீட்டு வகுப்புக்கே. குக்கர் விசில் அடிக்கட்டும், பரவாயில்லை. காப்பகத்தில் கேட்க வேண்டியது, டாக்டரிடம் சொல்ல வேண்டியது என்று பட்டியல் போட்டு, முதல் நாளே ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். ட்ரையல் வகுப்பில் யார் அதிகம் பேசினார்கள் என்றும் கவனியுங்கள். ஆசிரியரே பேசித் தீர்த்தால் அதற்கு யூடியூப் போதும்.

அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் சோம்பேறித்தனம் இல்லை. புதிதாகக் குடியேறும் பெரியவர்களுக்கு அங்குள்ள நகராட்சி வழியாக மொழி வகுப்பு உண்டு. வேலைக்கோ படிக்கவோ போனவர் முன்பணம் கட்டிச் சேரலாம். நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்குக் கேட்கும் மொழித் தேர்வுகளுக்கும் அதுவே நேர்வழி. ஐ.டி. வேலையில் போகிறவர் இங்கே இரண்டு மாதம் ஆப்போடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை அங்கே பார்த்துக்கொள்ளலாம். நர்ஸாகப் போக நினைப்பவருக்கு அது சரிப்படாது. டேனிஷ் தெரியாமல் அங்கே நர்ஸ் அனுமதி வாங்க முடியாது, எனவே அவர் இங்கேயே, இப்போதே தனி வகுப்பில் சேர்வது நல்லது.