பெலட்டனா, ஸ்மார்ட் டிரெய்னரா, சாதா ஸ்பின் பைக்கா?

வீட்டுக்குள் சைக்கிள் மிதிக்க இணைய வசதியுள்ள கருவி வாங்குபவர்கள் முதலில் திரையைப் பார்க்கிறார்கள், அடுத்து விலையை. அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு: வாட் எண் (மிதிக்கும் ஆற்றலின் அளவு) எங்கே அளக்கப்படுகிறது? அளந்த பிறகு அது யார் கையில் இருக்கிறது? வாங்கியபின் வரும் ஏமாற்றங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் கேட்காததால் வருபவை.

முதலில் பெலட்டன், திரையில் வீடியோ வகுப்பு பார்த்தபடி மிதிக்கும் அமெரிக்க பைக். பைக், திரை, வகுப்பு எல்லாம் ஒரே நிறுவனத்துடையது. பெட்டியைப் பிரித்து, ஷூவில் டெல்டா வகை கிளீட் (ஷூவைப் பெடலோடு பூட்டும் துண்டு) மாட்டி, அன்றைக்கே மிதிக்கத் தொடங்கலாம். பயிற்றுநரின் குரல் இல்லாவிட்டால் பைக் பக்கமே போகமாட்டார்கள் என்பவர்களுக்கு இது உண்மையான பலன். அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் செலவு வாங்கும்போது முடிவதில்லை. அமெரிக்காவில் 2022-இல் 44 டாலராக உயர்ந்த மாதச் சந்தா, 2025 அக்டோபரில் 49.99 டாலரானது. பழைய பைக்கை இன்னொருவரிடம் வாங்கினால், 2024 முதல் 95 டாலர் செயல்படுத்தும் கட்டணமும் உண்டு. சந்தாவை நிறுத்தினால் நேரடி வகுப்புகளும் வகுப்புத் தொகுப்பும் போய்விடும், சும்மா மிதிக்கும் வசதி மிஞ்சும். இந்தியாவில் அதிகாரபூர்வ விற்பனை கிடையாது. டொராண்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஊர் திரும்புகிறவர்கள் இதைக் கன்டெய்னரில் ஏற்றும் முன் யோசிக்க வேண்டும்.

பழையது வாங்குவோர் கட்டாயம் பார்க்க வேண்டியது சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட். மிதிக்கும்போது உடைந்துபோகும் ஆபத்தால், 2023 மே மாதம் அமெரிக்காவில் சுமார் 22 லட்சம் பைக்குகளின் சீட் போஸ்ட் திரும்ப அழைக்கப்பட்டது. மாடல் எண் பிஎல்01 என்று தொடங்கும், ஃப்ளைவீல் (சுழலும் கனமான சக்கரம்) அருகே முன் ஃபோர்க்கின் உட்புறத்தில் இருக்கும். 2025 நவம்பரில் பெலட்டனின் இன்னொரு மாடலான பைக்+ மாடலுக்கும் இதே பிரச்சினைக்காக அறிவிப்பு வந்தது. மாற்று போஸ்ட் இலவசம். விற்பவர் மாற்றினாரா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

அளவீட்டில் இரண்டு மாடல்களும் ஒன்றல்ல. முதல் பைக்கில் காந்தம் எந்த நிலையில் இருக்கிறது, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை வைத்து வாட் கணக்கிடப்படுகிறது. காந்தத்தின் நிலை சற்றே பிசகினாலும் எண் மாறும். அதனால் இரண்டு வீட்டுப் பைக்குகளின் எண்களை ஒப்பிட்டு யார் பலசாலி என்று முடிவு கட்ட முடியாது. ஒரே பைக்கில் சென்ற மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிடலாம், அது நியாயம். பைக்+ விசையை உணரும் சென்சார் கொண்டது, நம்பகம் கூடுதல்.

அடுத்தது ஸ்மார்ட் டிரெய்னர், அதாவது நம் சைக்கிளையே மாட்டி மிதிக்கும், எதிர்ப்பைத் தானே மாற்றும் கருவி. கியர் சைக்கிள் ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு இதுதான் எங்கள் முதல் பரிந்துரை. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிளை நேராக டிரெய்னரில் மாட்டுகிறோம். வாஹூ கிக்கர் கோரின் முதல் மாடலை எடுத்துக்கொண்டால் 5.4 கிலோ ஃப்ளைவீல், பிழை ±2%, 16% ஏற்றம் வரை மேடு ஏறுவதுபோல் எதிர்ப்பு தரும். அது கேசட் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுப்பு) இல்லாமல் வந்தது, அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கேசட் உட்காரும் உருளையான ஃப்ரீஹப் 11 ஸ்பீடு வகை என்றால், அதில் 8, 9, 10 ஸ்பீடு கேசட் போட 1.8 மி.மீ. ஸ்பேசர் (இடைவளையம்) வேண்டும். அதை விட்டால் கேசட்டைப் பூட்டும் வளையமான லாக்ரிங் இறுகியபின்னும் கேசட் ஆடும், கியர் தாவும். லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்க வேண்டும்.

இந்த வகை டிரெய்னருக்கு அவ்வப்போது ஸ்பின்டவுன் என்ற அளவுத்திருத்தம் தேவை. பத்து நிமிடம் மிதித்துச் சூடாக்கியபின் ஆப் சொல்லும் வேகத்துக்கு ஏற்றி, மிதிப்பதை நிறுத்திவிட்டுத் தானாக நிற்க விட வேண்டும். குளிர்ந்த நிலையில் செய்தால் பெல்ட்டும் பேரிங்கும் இறுக்கமாக இருக்கும், கணக்கு தவறும்.

எர்க் மோடு பற்றிய புகார்தான் அதிகம்: “திடீரென்று பெடல் பாறையாகிவிட்டது.” காரணம் எளிது. எர்க் மோடு வாட்டை மாறாமல் வைக்கப் பார்க்கும். 200 வாட்டை 90 சுற்றில் மிதித்தால் முறுக்குவிசை சுமார் 21 நியூட்டன் மீட்டர். களைத்துப்போய் 60 சுற்றுக்கு இறங்கினால் அதே 200 வாட்டுக்குச் சுமார் 32. கால் தளரத் தளர எதிர்ப்பு ஏறும், கால் மேலும் தளரும். மல்லுக்கட்டாதீர்கள். மிதிப்பதை நிறுத்துங்கள், சில வினாடி கழித்து 90 சுற்றில் மறுபடி தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் இப்படியே ஆனால் இலக்கு வாட் உங்களுக்கு அதிகம் என்று பொருள், எஃப்டிபி எண்ணை (ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட்) சரிபாருங்கள். 20 நிமிடம் முழு முயற்சியில் வரும் சராசரியின் 95% தான் எஃப்டிபி. பலர் அந்தச் சராசரியையே அப்படியே போட்டுவிடுகிறார்கள்.

புளூடூத்தின் எஃப்டிஎம்எஸ், ஆன்ட்+ ஆகிய பொதுவான கம்பியில்லா முறைகளில் பேசுவதால் டிரெய்னர் எந்த ஆப்புக்கும் அடிமையில்லை. திரையில் கற்பனைச் சாலை காட்டும் ஆப்களில் ஸ்விஃப்ட் 2024 முதல் மாதம் 19.99 டாலர். மைவூஷ் இலவசம், சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐயின் 2024 மின்விளையாட்டு (இ-ஸ்போர்ட்ஸ்) உலகப் போட்டியே அதில்தான் நடந்தது. இணைப்பு அறுந்துகொண்டே இருந்தால் டிரெய்னரைக் குறை சொல்லும் முன் கணினியின் யுஎஸ்பி 3 போர்ட்டைப் பாருங்கள். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். ஆன்ட்+ டாங்கிளை (கணினியில் சொருகும் சிறு ரிசீவர்) நீட்டிப்பு வயரில் மாட்டி டிரெய்னர் அருகே வையுங்கள். புளூடூத் என்றால் போனில் பின்னணியில் திறந்திருக்கும் ஆப் இணைப்பைப் பிடித்து வைத்திருக்கலாம், அதை மூடுங்கள்.

மூன்றாவது, சாதா ஸ்பின் பைக்கில் சென்சார் சேர்ப்பது. ஃபெல்ட் பட்டை உரசும் பைக்கில் எதிர்ப்பை அளக்கும் கருவியே இருக்காது. அதன் கன்சோல் காட்டும் வாட்டை நம்ப வேண்டாம். வாட்டைத் தானே அளக்கும் பவர் பெடல் மாட்டினால் கதையே மாறிவிடும், ஃபவேரோ அசியோமா போன்றவற்றின் பிழை ±1% தான். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றும் என்பது நினைவிருக்கட்டும். ஆப்பில் கிராங்க் (பெடல் மாட்டும் கை) நீளத்தைத் தவறாகப் போடுவது வழக்கமான பிழை: 170 மி.மீ. கிராங்குக்கு 172.5 என்று கொடுத்தால் வாட் 1.5% கூடுதலாகக் காட்டும். இதயத்துடிப்புக்கு மணிக்கட்டுக் கடிகாரம் வேண்டாம். ஹேண்டில்பாரைப் பிடித்து மணிக்கட்டு மடங்கும்போது ஒளிச் சென்சார் தடுமாறும், மார்புப் பட்டையே சரி. குறை என்னவென்றால் ஆப் காட்டும் மேட்டில் எதிர்ப்பு தானாக ஏறாது, குமிழைக் கையால்தான் திருக வேண்டும்.

வாட் சரியாக இருந்தால் கலோரிக்குத் தனிக் கணக்கே தேவையில்லை. 150 வாட்டில் ஒரு மணி நேரம் 540 கிலோஜூல். மனித உடல் எரிப்பதில் ஏறத்தாழ கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது, ஒரு கலோரி 4.18 ஜூல். இரண்டும் கிட்டத்தட்டச் சமன் செய்துகொள்வதால் 540 கிலோஜூல் என்பது ஏறக்குறைய 540 கிலோ கலோரி. கன்சோல் 900 என்று காட்டினால் அதை நம்பிக் கூடுதலாக ஒரு தட்டு சாப்பிடாதீர்கள்.

இனி தரவு. பெலட்டன் தளத்தில் கிடைக்கும் சிஎஸ்வி (அட்டவணை) கோப்பில் ஒரு பயிற்சிக்கு ஒரு வரிதான்: மொத்த வேலை, சராசரி வாட், சராசரி துடிப்பு. ஸ்விஃப்ட் ஒவ்வொரு பயிற்சியையும் கணினியில் ஃபிட் கோப்பாகச் சேமிக்கிறது, வினாடிக்கு வினாடி எண் இருக்கும். அதை மாதம் ஒருமுறை நகலெடுத்து வைத்தால் எந்தச் சந்தாவை நிறுத்தினாலும் வரலாறு உங்களுடையது. பயிற்சிகளைப் பதிந்து பகிரும் ஆப்பான ஸ்ட்ராவாவை மட்டும் கிடங்காக நம்ப வேண்டாம். 2024 நவம்பரில் அது விதியை மாற்றியது: மற்ற ஆப்கள் உங்கள் ஸ்ட்ராவா தரவை உங்களுக்கு மட்டுமே காட்டலாம். பயிற்சியாளர் பார்க்க வேண்டுமென்றால் டிரெய்னர் ஆப்பிலிருந்து பயிற்சித் தளத்துக்கு நேராக அனுப்புவதே பாதுகாப்பு. கடிகாரம், டிரெய்னர் ஆப், ஸ்விஃப்ட் மூன்றையும் இணைத்துவிட்டால் ஒரே பயிற்சி மூன்றாகப் பதிவாகி, வாரச் சுமைக் கணக்கு ஊதிப்போகும். ஒரு வழியை மட்டும் திறந்து வையுங்கள்.

இந்த எண்கள் வெளியே கசிவதும் கற்பனையல்ல. 2018-இல் பயனர்கள் ஓடிய, மிதித்த பாதைகளைக் காட்டும் ஸ்ட்ராவாவின் வெப்ப வரைபடம் ராணுவ முகாம்களைக் காட்டிக்கொடுத்தது. 2021-இல் பெலட்டனின் ஏபிஐ (ஆப்கள் தரவு கேட்டு வாங்கும் வாசல்), சுயவிவரத்தைப் பூட்டி வைத்திருந்தவர்களின் வயது, ஊர், எடை விவரங்களைக்கூட வெளியே தந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கணக்கில் பிறந்த தேதிக்கு ஆண்டு போதும், முகவரி தேவையே இல்லை. கருவியை விற்கும்போது தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்து, கணக்கிலிருந்து அதை நீக்கி, ஸ்ட்ராவா அமைப்புகளில் பயன்படுத்தாத ஆப்களின் அனுமதியையும் ரத்து செய்துவிட்டுக் கொடுங்கள்.