கூகுள், ஷேர்பாயிண்ட், கான்ஃப்ளூயன்ஸ்: வேண்டாத மெயிலை எதில் சுலபமாக நிறுத்தலாம்?

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்கணக்கு கூகுள் ஷீட்ஸில் ஓடும். பெரிய வாடிக்கையாளர் வரைபடங்களையும் ஆய்வு அறிக்கைகளையும் தன்னுடைய ஷேர்பாயிண்டில் (மைக்ரோசாஃப்டின் ஃபைல் பகிரும் தளம்) வைத்திருப்பார். அதற்குள் நுழைய சப்ளையருக்கு ஒரு கெஸ்ட் கணக்கு கொடுத்திருப்பார். பெங்களூரு மென்பொருள் குழு ஒன்றோடு வேலை இருந்தால், குழுவாகக் குறிப்புப் பக்கங்கள் எழுதும் கான்ஃப்ளூயன்ஸும் வந்து சேரும். மூன்றும் ஒரே இன்பாக்ஸில்தான் கொட்டும். எதை நிறுத்துவது, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் 'ஸ்பேம்' என்று தள்ளிவிடுபவர்கள்தான் அதிகம். அடுத்த வாரம் வாடிக்கையாளரின் அனுமதிக் கோரிக்கையும் அங்கேயே போய் விழும்.

மூன்றிலும் நிறுத்த முடியும். ஆனால் நிறுத்தும் சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்பது மூன்றிலும் வேறு வேறு. கூகுளில் அது மெயில் வாங்குபவர் கையில். ஷேர்பாயிண்டில் தளத்தின் ஓனர் கையிலும் உண்டு. கான்ஃப்ளூயன்ஸில் சுவிட்ச் உங்களுடையதுதான், ஆனால் அதைப் போட்டுவைத்தது மென்பொருள்.

செட்டிங்ஸுக்குப் போகும் முன்

மெயிலைத் திறந்து இரண்டு இடங்களைப் பாருங்கள்: அனுப்புநர் முகவரி, கடைசி வரி.

முகவரியில் 'நோரிப்ளை' என்று இருந்தால் மென்பொருளே அனுப்பியது. அதை உங்கள் கணக்கிலிருந்து நிறுத்தப் பெரும்பாலும் வழி இருக்கும். முகவரி ஒரு மனிதருடையதாக இருந்து, வாசகம் மட்டும் ஒவ்வொரு முறையும் அச்சுப்போல ஒன்றாகவே இருந்தால், அது அவருடைய கணக்கில் தானாக ஓடும் சின்ன நிரல், அதாவது ஸ்கிரிப்ட் அல்லது ஃப்ளோ. உங்கள் செட்டிங்ஸில் எதைத் தட்டினாலும் அது நிற்காது. இந்த வித்தியாசம் தெரியாமல் அரை நாள் வீணாவது சர்வசாதாரணம்.

கூகுள் டாக்ஸ் கமெண்ட் மெயிலின் அடியில், இது ஏன் உங்களுக்கு வந்தது என்று ஒரு வரி இருக்கும்: அந்த ஃபைலின் எல்லா உரையாடலுக்கும் நீங்கள் சந்தாதாரர், அல்லது இந்த உரையாடலில் நீங்களும் இருக்கிறீர்கள் என்று. பக்கத்திலேயே மாற்றுவதற்கான இணைப்பும் உண்டு. ஒரு எச்சரிக்கை: அந்த மெயிலுக்கு 'எனக்கு இனி அனுப்பாதீர்கள்' என்று ரிப்ளை போடாதீர்கள். ரிப்ளை அப்படியே கமெண்டாக ஃபைலில் ஏறும், மற்றவர்களுக்கு இன்னொரு மெயில் கிளம்பும்.

கூகுள்: ஃபைல் ஃபைலாக

டாக்ஸில் ஃபைலைத் திறந்து டூல்ஸ் மெனுவில் நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸ் போனால் கமெண்டுக்கு மூன்று நிலைகள்: எல்லாமும், எனக்கானது மட்டும், எதுவும் வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு நடுவில் இருப்பதே சரி. உங்கள் பெயரை டேக் செய்தாலோ, நீங்கள் இருக்கும் உரையாடலில் யாராவது பதில் எழுதினாலோ மட்டும் மெயில் வரும். கடைசி நிலையைத் தேர்ந்தெடுத்தால் டேக் செய்தாலும் வராது. பிறகு 'சொன்னேனே, பார்க்கலையா?' என்று கேள்வி வரும். எந்த நிலையை வைத்தாலும் அது உங்களுக்கு மட்டும்தான். மற்றவர்களின் மெயில் மாறாது.

குறை என்னவென்றால் இந்த மூன்று நிலைகள் ஃபோல்டருக்குக் கிடையாது. நாற்பது ஃபைல் இருந்தால் நாற்பதையும் திறக்க வேண்டும். மொத்தமாக நிறுத்த டிரைவில் பல்சக்கர ஐகானைத் தட்டி, செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் மின்னஞ்சல் டிக்கை எடுக்கலாம். அது கொஞ்சம் முரட்டு வைத்தியம். டிரைவ் அனுப்பும் பயனுள்ள மெயில்களும் சேர்ந்தே நின்றுபோகும்.

ஷீட்ஸில் தொல்லை வேறு வகை. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளில் சீசன் மே முதல் ஜூலை வரை. பெங்களூரா ரக மாங்காய் லோடு ஏற்றிய லாரி எடைமேடையில் ஏறியதும் ஒரு வரி, தரம் பார்த்ததும் ஒரு வரி, கூழ் எடுத்து பிரிக்ஸ் (சர்க்கரை அளவு) அளந்ததும் ஒரு வரி என்று ஒரே ஷீட்டில் நாலைந்து பேர் எழுதுவார்கள். அந்த ஷீட்டில் யாராவது 'எந்த மாற்றம் நடந்தாலும், உடனே மெயில்' என்று விதி போட்டிருந்தால், சாயங்காலத்துக்குள் அவருடைய இன்பாக்ஸ் நிரம்பிவிடும். டூல்ஸ், நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸ், எடிட் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய் 'ரைட் அவே' என்பதை 'டெய்லி டைஜஸ்ட்' ஆக்குங்கள், அல்லது விதியையே நீக்குங்கள். விதி போட்டவர்தான் அதை நீக்க வேண்டும், மெயிலும் அவருக்கு மட்டும்தான் வரும். ஃபைலின் ஓனராக இருந்தாலும் அடுத்தவர் விதியைத் தொட முடியாது.

கூகுள் ஃபார்ம் வைத்து வரவைப் பதிவு செய்பவர்களுக்கு ஒரே பதிவுக்கு இரண்டு மெயில் வருவதுண்டு. ஃபார்மின் ரெஸ்பான்சஸ் பகுதியில், மூன்று புள்ளிக்குள் புதிய பதிலுக்கு மெயில் என்று ஒரு டிக். ஷீட்டில் 'யாராவது ஃபார்ம் அனுப்பினால்' என்று இன்னொரு விதி. இரண்டில் ஒன்றை எடுத்தால் போதும். ஃபார்ம் பக்கத்தை எடுத்துவிட்டு ஷீட் பக்கம் டைஜஸ்டாக வைப்பது நல்லது.

மனிதர் முகவரியிலிருந்து வரும் மெயில்தான் சிக்கலானது. ஷீட்டின் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் திறந்தால் உள்ளே யாரோ எழுதிய ஒரு சின்ன நிரல் இருக்கும். ஒவ்வொரு எடிட்டுக்கும் மெயில் அனுப்பும்படி அதற்கு ஒரு டிரிகர் மாட்டியிருப்பார்கள். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஸ்கிரிப்ட் ஒரு நாளில் 100 பேருக்குத்தான் மெயில் அனுப்பலாம், கட்டண வொர்க்ஸ்பேஸ் கணக்கில் 1,500 பேருக்கு. ஒரே மெயிலில் ஐந்து பேர் இருந்தால் ஐந்தாகக் கணக்கு. அளவு தாண்டியதும் ஸ்கிரிப்ட் தோற்கும். அதன்பிறகு டிரிகர் மாட்டியவருக்கு 'தோல்விகளின் சுருக்கம்' என்று கூகுளிடமிருந்து தனி மெயில் வரத் தொடங்கும். சிலர் இதை வைரஸ் என்று நினைத்து பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள். பாஸ்வேர்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

டிரிகரை மாட்டியவர் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் பக்கத்தில் இடதுபுறம் உள்ள கடிகார ஐகானைத் தட்டி அதை நீக்கலாம். அவர் வேலையை விட்டுப் போயிருந்தால் இரண்டு வழி. ஷீட்டில் எடிட் அனுமதி உள்ள எவரும் நிரலைத் திறந்து மெயில் அனுப்பும் வரியின் முன் இரண்டு சாய்கோடு போட்டு சேமிக்கலாம். அல்லது ஃபைல் மெனுவில் 'மேக் எ காப்பி' எடுத்து, இனி அதையே பயன்படுத்தலாம். நிரல் காப்பியோடு வரும், மாட்டிய டிரிகர் வராது. ஃபார்ம் இணைத்த ஷீட்டில் இரண்டாவது வழி வேண்டாம்: காப்பி எடுக்கும்போது ஃபார்முக்கும் ஒரு நகல் உருவாகும், ஊழியர்கள் கையில் உள்ள பழைய இணைப்போ பழைய ஷீட்டுக்கே எழுதிக்கொண்டிருக்கும்.

முன்பின் தெரியாதவர் ஏதோ ஃபைலை ஷேர் செய்து பரிசு விழுந்ததாக மெயில் வந்தால், உள்ளே இருக்கும் இணைப்பைத் தொடாமல், டிரைவில் அந்த ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து அனுப்பியவரை பிளாக் செய்யுங்கள். அது போதும்.

ஷேர்பாயிண்ட்: சுவிட்ச் நாலு இடத்தில்

மைக்ரோசாஃப்டில் முதல் குழப்பமே, எந்தப் பகுதி மெயில் அனுப்புகிறது என்பதுதான். வேர்ட், எக்செல் கமெண்டுக்கான சுவிட்ச் ஒன்டிரைவ் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தில் இருக்கிறது. ஷேர்பாயிண்டில் தேடினால் கிடைக்காது. டீம்ஸ் அனுப்பும் 'நீங்கள் பார்க்காத செய்திகள்' மெயிலை டீம்ஸ் செட்டிங்ஸில்தான் நிறுத்த வேண்டும். குரூப் உரையாடல் இன்பாக்ஸுக்கு வந்தால், அவுட்லுக்கில் அந்த குரூப்பைத் திறந்து இன்பாக்ஸில் பின்தொடர்வதை நிறுத்த வேண்டும்.

லைப்ரரியில் (ஷேர்பாயிண்டில் ஃபைல்களை வைக்கும் இடம்) ஃபைல் ஏறும்போதெல்லாம் வரும் மெயில் பழைய அலர்ட்டாக இருக்கலாம். மெயிலிலேயே அலர்ட் செட்டிங்கை மாற்றும் இணைப்பு இருக்கும். அதில் உடனடி, தினச் சுருக்கம், வாரச் சுருக்கம் என்று மாற்றலாம், நீக்கவும் செய்யலாம். இந்த அலர்ட் வசதியை 2025-இலிருந்து மைக்ரோசாஃப்ட் படிப்படியாக விலக்கத் தொடங்கியிருக்கிறது. அதன் இடத்தில் ரூல்ஸும், வேலைகளைத் தானாக ஓட்டும் பவர் ஆட்டோமேட்டும். ஆகவே அலர்ட் பட்டியல் காலியாக இருந்தும் மெயில் வந்தால் லைப்ரரியின் மேல்பட்டியில் ரூல்ஸைத் தேடுங்கள், மேனேஜ் ரூல்ஸில் அதை அணையுங்கள். அதிலும் இல்லையென்றால் யாரோ ஒருவரின் பவர் ஆட்டோமேட் ஃப்ளோ. 'மை ஃப்ளோஸ்' பக்கத்தில் அவர்தான் 'டர்ன் ஆஃப்' கொடுக்க வேண்டும்.

பழைய அலர்ட் இன்னும் இருக்கும் இடத்தில், கூகுளிடம் இல்லாத ஒரு நல்ல வசதி உண்டு. ஷேர்பாயிண்ட் தளத்தின் ஓனர் சைட் செட்டிங்ஸில் யூசர் அலர்ட்ஸ் திறந்தால், யார் யாருக்கு என்னென்ன அலர்ட் இருக்கிறது என்பது தெரியும், அங்கேயே அழிக்கலாம். மறுபக்கமும் இருக்கிறது: ஓனர் அடுத்தவர் பெயரில் அலர்ட் போடவும் முன்பு முடிந்தது. 'நான் எதையும் ஆன் செய்யவில்லையே' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

ஓசூர் சப்ளையர்கள் மாட்டிக்கொள்வது கெஸ்ட் கணக்கில்தான். வாடிக்கையாளர் நிறுவனத்துக்குள் உங்களுக்கென்று ஒன்டிரைவ் கிடையாது, எனவே அந்த செட்டிங்ஸ் பக்கம் உதவாது. உங்கள் சொந்தக் கம்பெனியின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் மாற்றினாலும் அங்கே எதுவும் மாறாது. மெயிலில் உள்ள இணைப்பு வேலை செய்யவில்லை என்றால், அந்தத் தளத்தின் ஓனருக்கு எழுதுவதுதான் வழி. பொதுவாக 'மெயில் அதிகமாக வருகிறது' என்று எழுதினால் அது ஐடி துறையின் வரிசையில் போய் நிற்கும். லைப்ரரியின் பெயர், மெயில் தலைப்பில் உள்ள அலர்ட்டின் பெயர், எந்த முகவரிக்கு வருகிறது, தினச் சுருக்கம் போதுமா அல்லது அடியோடு வேண்டாமா, இந்த நான்கையும் எழுதினால் ஓனருக்கு வேலை சுலபம். வரைபடத் திருத்தம் வரும் லைப்ரரிக்கு மட்டும் அடியோடு நிறுத்தச் சொல்லாதீர்கள். பழைய வரைபடத்தை வைத்து பாகம் செய்து ரிஜெக்ட் ஆவதற்கு தினம் ஒரு மெயில் மேல்.

கான்ஃப்ளூயன்ஸ்: ஒரு டிக்

இங்கே நோய் ஒன்றுதான், ஆட்டோவாட்ச். ஒரு பக்கத்தில் கமெண்ட் போட்டாலோ, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாலோ, மென்பொருள் உங்களை அந்தப் பக்கத்தின் பார்வையாளர் பட்டியலில் சேர்த்துவிடும். அதன்பிறகு வரும் மாற்றங்களுக்கெல்லாம் மெயில். புரொஃபைல் படத்தைத் தட்டி, செட்டிங்ஸில் இமெயில் பகுதியில் ஆட்டோவாட்ச் டிக்கை எடுங்கள்.

எடுத்த பிறகும் மெயில் நிற்காது, ஏனென்றால் ஏற்கெனவே சேர்ந்த பக்கங்கள் அப்படியே இருக்கும். வாட்சஸ் பட்டியலில் அவற்றை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பக்கத்தை எடுத்தும் வருகிறதென்றால் முழு ஸ்பேஸையும் (பக்கங்களின் தொகுப்பு) வாட்ச் செய்துகொண்டிருப்பீர்கள், அதையும் எடுங்கள். ஸ்பேஸ் அட்மின் ஒரு பக்கத்தின் பார்வையாளர்களைத் தானே நீக்க முடியும் என்பதால், வேலை மாறிப் போனவர்களுக்கு இது ஷேர்பாயிண்ட் அளவுக்கு இழுபறியாகாது.

மெயில் ஃபில்டர் எப்போது?

சுவிட்ச் உங்கள் கையில் இல்லாதபோது மட்டும். கெஸ்ட் கணக்கு, போய்விட்டவரின் ஃப்ளோ, இந்த இரண்டுக்கும் ஃபில்டர் நியாயம். ஜிமெயிலில் மெயிலைத் திறந்து மூன்று புள்ளியில் 'ஃபில்டர் மெசேஜஸ் லைக் தீஸ்' கொடுத்தால் முகவரி தானே நிரம்பும். 'ஸ்கிப் தி இன்பாக்ஸ்' டிக்கோடு ஒரு லேபிளும் வையுங்கள், 'டெலீட்' வேண்டாம். கூகுளின் கமெண்ட் மெயிலும் ஷேர் மெயிலும் வெவ்வேறு முகவரியிலிருந்து வருவதால், கமெண்டை மட்டும் ஒதுக்கிவிட்டு ஷேர் அழைப்பை இன்பாக்ஸிலேயே விடலாம். கமெண்ட் மெயிலில் அனுப்புநர் பெயர் ஆளுக்கு ஆள் மாறும், முகவரி மாறாது. பெயரை வைத்து ஃபில்டர் போட்டால் வேலைக்காகாது. கம்பெனி டொமைனுக்கு ஜோஹோ மெயில் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் ஃபில்டர்ஸ் பகுதியில் இதையே செய்யலாம். மனிதர் முகவரியிலிருந்து வரும் ஸ்கிரிப்ட் மெயிலுக்கு முகவரியோடு தலைப்பில் உள்ள மாறாத சொல்லையும் சேர்த்தே நிபந்தனை வையுங்கள். இல்லையென்றால் அவர் கைப்பட எழுதும் மெயிலும் ஒளிந்துகொள்ளும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்ற நிலையில் இருக்கும் சிறு அலுவலகத்துக்கு, தர்மபுரியில் பத்துப் பேர் உள்ள ஆடிட்டர் அலுவலகம் போன்ற இடத்துக்கு, கூகுள் போதும். ஒவ்வொருவரும் தன் மெயிலைத் தானே சரிசெய்துகொள்ளலாம், ஐடி ஆள் தேவையில்லை. ஆள் அடிக்கடி மாறும் ஐம்பது பேர் இடத்தில், அடுத்தவர் அலர்ட்டை ஓனர் பார்த்து அழிக்க முடியாதது கூகுளின் பெரிய ஓட்டை.

கூகுள் டாக்ஸில் 'எனக்கானது மட்டும்' என்று மாற்றியதும் சோதித்துப் பாருங்கள். உங்கள் கணக்கிலிருந்தே எடிட் செய்து பார்ப்பதில் பயனில்லை, சொந்த மாற்றத்துக்கு மெயில் வராது. பக்கத்து மேசைக்காரரிடம் முதலில் டேக் இல்லாமல் ஒரு கமெண்ட், பிறகு டேக் செய்து ஒரு கமெண்ட் போடச் சொல்லுங்கள். சில நிமிடம் பொறுங்கள், கூகுள் கமெண்டுகளைச் சேர்த்துத்தான் அனுப்பும். முதலாவது வராமல் இரண்டாவது மட்டும் வந்தால் செட்டிங் சரி.