‘பிளாக்செயினில் நிரந்தரப் பதிவு’: சேர்வராயன் மலைக் காபித் தோட்டக்காரர்கள் பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

ஏற்காட்டில் நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டைப் பக்கம் சிறு காபித் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் ஒரு சேவையை விற்றுப் போயிருக்கிறார்கள். மூட்டைக்கு ஒரு க்யூஆர் ஸ்டிக்கர். ஸ்கேன் செய்தால் பழம் பறித்த தேதி, பல்ப்பரில் போட்ட நாள், உலர்களப் படம், ஈரப்பதம், பட்டா விவரம் எல்லாம் வரும், அத்தனையும் பிளாக்செயினில் (பல கணினிகளில் ஒரே மாதிரி நகலாக இருக்கும் பதிவேட்டில்) இருப்பதால் யாராலும் அழிக்க முடியாது என்பது பேச்சு. தோட்டக்காரரும் சேலத்து வியாபாரியும் பேசிக்கொள்ள ‘ரகசியச் செய்தி’ வசதியும் சேர்த்து, ஆண்டுச் சந்தாவை முன்பணமாக வாங்கினார்கள். அடுத்த அறுவடைக்குள் ஸ்டிக்கர்கள் செத்துவிட்டன. போன் செய்தால் எடுப்பதில்லை. இதே பேச்சோடு இப்போது செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளுக்கும் ஆட்கள் வருகிறார்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பணம் கட்டியவர்களிடம் இருந்த ரசீது, டிரான்ஸாக்ஷன் எண்கள், ஸ்டிக்கர் ஆகியவற்றை நாங்கள் சரிபார்த்தபோது முதலில் தெரிந்தது, படமோ பட்டாவோ எதுவுமே பிளாக்செயினுக்குள் போகவில்லை என்பது. போக வாய்ப்பும் இல்லை. ஈத்தீரியம் என்ற பெரிய பிளாக்செயினில் ஒரு டிரான்ஸாக்ஷன் 128 கேபி அளவைத் தாண்டினால் நோடுகள் (அதை நடத்தும் கணினிகள்) வாங்கிக்கொள்ளாது. போனில் எடுத்த 2 எம்பி படம் அதில் எங்கே அடங்கும்? வெறும் எழுத்துக்கே செலவு அதிகம். செயினில் ஓடும் நிரலான ‘ஸ்மார்ட் ஒப்பந்தத்தின்’ சேமிப்பில் 32 பைட் புதிதாக எழுத 20,000 கேஸ் (கட்டணத்தைக் கணக்கிடும் அலகு) ஆகும். 1 கேபி என்றால் 6,40,000 கேஸ். சாதாரணமாகப் பணம் அனுப்ப 21,000 கேஸ் போதும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழில் எழுதினால் இடம் இன்னும் சீக்கிரம் தீரும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். மெய்யின் புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனிக் கணக்கு. ‘ஏற்காடு’ என்ற ஒரே சொல்லுக்கு 21 பைட். பிட்காயினில் டிரான்ஸாக்ஷனோடு சேர்த்து எழுதும் குறிப்புக்குப் பல ஆண்டுகள் இருந்த 80 பைட் வரம்புக்குள் இப்படி 26 குறியீடுகள்தான் அடங்கின.

எனவே நாணயமாக இந்தத் தொழில் செய்பவர்களும் கோப்பை வெளியே வைத்து, அதன் ஹாஷை (கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், கைரேகை போன்ற குறியீட்டை) மட்டுமே செயினில் போடுவார்கள். ஷா-256 ஹாஷ் என்பது 32 பைட், அதாவது 64 எழுத்து-எண்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் முழுக்க மாறிவிடும். இந்த முறையில் குற்றமில்லை. ஆனால் ஹாஷிலிருந்து கோப்பைத் திரும்ப எடுக்க முடியாது. மூலக் கோப்பு போய்விட்டால் செயினில் கிடக்கும் ஹாஷால் ஒரு பயனும் இல்லை. இங்கே படங்கள் எல்லாம் விற்றவருடைய சர்வரில் இருந்தன. க்யூஆரில் இருந்ததும் அவருடைய இணைய முகவரி. அந்த முகவரிக்கான ஆண்டுக் கட்டணத்தை அவர் கட்டாமல் விட்டதும் ‘நிரந்தரப் பதிவு’ முடிந்துபோனது.

சிலரிடம் ‘ஐபிஎஃப்எஸ்ஸில் வைத்திருக்கிறோம், அது அழியாது’ என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஐபிஎஃப்எஸ் என்பது பலருடைய கணினிகளில் கோப்புகளை வைத்துப் பகிரும் வலைப்பின்னல். அதில் ஒரு கோப்பை யாராவது தங்கள் கணினியில் பின் செய்து (நீக்காமல் நிறுத்தி) வைத்திருக்கும் வரைதான் அது கிடைக்கும். பின் செய்தவர் நிறுத்திவிட்டால், வேறு எவரும் வைத்திராத நிலையில் கோப்பு காணாமல் போகும்.

இரண்டாவது மோசடி இன்னும் கனமானது. கொடுத்த டிரான்ஸாக்ஷன் எண்களில் பெரும்பகுதி ஈத்தீரியத்தின் செப்போலியா என்ற சோதனை நெட்வொர்க்கைச் சேர்ந்தவை. மென்பொருள் எழுதுபவர்கள் பழகிப் பார்க்க வைத்திருக்கும் நெட்வொர்க் அது. அதில் செலவாகும் காசு இலவசமாகக் கிடைக்கும், மதிப்பு கிடையாது. இப்படிப்பட்ட நெட்வொர்க்குகளை ஒருநாள் மூடிவிடுவது வழக்கம். ராப்ஸ்டன், ரிங்க்பி, கோர்லி எல்லாம் அப்படி மூடப்பட்டவை. பாலிகான் என்ற இன்னொரு பிளாக்செயினின் ‘மும்பை’ சோதனை நெட்வொர்க்கும் 2024இல் போய்விட்டது. இலவச இடத்தில் எழுதிவிட்டு ‘நெட்வொர்க் கட்டணம்’ என்று ஒவ்வொரு லாட் காபிக்கும் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. டிரான்ஸாக்ஷன் எண், பூஜ்யமும் எக்ஸும் முன்னால் வந்து பின்னால் 64 எழுத்து-எண்களோடு இருக்கும். அதை அவர்கள் அனுப்பும் லிங்கில் பார்க்காதீர்கள். உங்கள் போனில் செயின் பதிவுகளைக் காட்டும் ஈதர்ஸ்கேன் (ஈத்தீரியம்) அல்லது பாலிகான்ஸ்கேன் (பாலிகான்) தளத்தை நீங்களே திறந்து ஒட்டிப் பாருங்கள். அங்கே கிடைக்கவில்லை என்றால் ‘செயின் ஐடி என்ன?’ என்று கேளுங்கள். அது ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் உரிய அடையாள எண். ஈத்தீரியத்துக்கு 1, பாலிகானுக்கு 137. பதில் 11155111 என்றால் செப்போலியா. 80002 என்றால் பாலிகானின் அமாய். இரண்டும் சோதனை நெட்வொர்க். ‘எங்களுடையது தனியார் பிளாக்செயின்’ என்று பதில் வந்தால், எத்தனை நோடுகள், ஒவ்வொன்றையும் நடத்துவது யார் என்று எழுத்தில் வாங்குங்கள். எல்லா நோடும் அவர்கள் கையிலேயே இருந்தால் எப்போது வேண்டுமானாலும் திருத்தி எழுதலாம். அதற்கு ஒரு சாதாரண டேட்டாபேஸுக்குரிய விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை.

உண்மையான நெட்வொர்க்கில் போன சில பதிவுகள்தான் எங்களை அதிகம் கலங்க வைத்தன. அவை பாலிகானில் இருக்கின்றன. டிரான்ஸாக்ஷனைத் திறந்து, உள்ளீட்டுத் தரவு என்ற பகுதியை யுடிஎஃப்-8 ஆக மாற்றினால் தோட்டக்காரர் பெயர், போன் எண், ஆதார் எண் எல்லாம் அப்படியே படிக்கக் கிடைக்கின்றன. ‘என்க்ரிப்ட் செய்திருக்கிறோம்’ என்று சொல்லி அவர்கள் காட்டியது வெறும் ஹெக்ஸ் எழுத்து, அதாவது அதே எழுத்துகளை வேறு எண்முறையில் எழுதியது. அதற்குப் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. ‘ரகசியச் செய்தி’யும் இதே வழியில்தான் போயிருக்கிறது. வியாபாரியோடு பேசிய விலை, கோயில் மதிலில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒருவர் தன் தரவை அழிக்கக் கேட்கும் உரிமைக்கு இடம் இருக்கிறது. செயினில் எழுதியதை அழிக்க எவராலும் ஆகாது. ஆகவே ஒருவரின் பெயரோ எண்ணோ எந்த வடிவிலும் செயினுக்குள் போகவே கூடாது. முறையாக என்க்ரிப்ட் செய்தாலும், என்றைக்காவது சாவி கசிந்தால் பழைய செய்தி மொத்தமும் திறந்துகொள்ளும். திரும்பப் பெற வழியில்லை. பேசிக்கொள்ள அது ஏற்ற இடமே அல்ல.

இன்னொன்று. எல்லாப் பதிவும் விற்றவருடைய வாலட்டிலிருந்தே (செயினில் எழுதப் பயன்படும் கணக்கிலிருந்தே) போயிருக்கிறது. தோட்டக்காரர் எவரிடமும் அப்படி ஒரு கணக்கின் ரகசியச் சாவி இல்லை. அப்படியென்றால் அது ‘இன்ன நேரத்தில் இவர் இப்படி எழுதினார்’ என்பதற்கு மட்டுமே சாட்சி. ஈரப்பதம் 10 சதவீதம் என்று தட்டினால் செயின் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். மீட்டர் வைத்துப் பார்க்காது. கொலுசுக்கும் இதே கதைதான். வெள்ளியின் தரத்தைச் சொல்ல வேண்டியது உரைப்புச் சோதனையும் பிஐஎஸ் ஹால்மார்க்கும்.

விற்பவர்கள் இரண்டு பெயர்களைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். ஒன்று, காபி வாரியம். வாரியம் 2019இல் பிளாக்செயின் சந்தை ஒன்றைச் சோதனையாகத் தொடங்கியது உண்மை. அதனால் வீடு வீடாக வரும் தனியாருக்கு வாரியத்தின் அனுமதி இருப்பதாக ஆகாது. மற்றொன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடை விதி, எண் 2023/1115. அது காபி விளைந்த நிலத்தின் இருப்பிட அளவைக் கேட்கிறது. 4 ஹெக்டேர் வரை ஒரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை போதும். அதற்கு மேல் எல்லைக்கோடு வேண்டும். பிளாக்செயின் கட்டாயம் என்று அந்த விதியில் எங்கும் இல்லை.

தேதிக்கு ஆதாரம் மட்டும் வேண்டும் என்றால் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஓபன்டைம்ஸ்டாம்ப்ஸ் தளத்தில் கோப்பைக் காட்டினால், கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாமல், ஹாஷை மட்டும் எடுத்துப் பலருடைய ஹாஷ்களோடு சேர்த்து பிட்காயினில் பதியும். பதிவு உறுதியாவதற்குச் சில மணி நேரம் ஆகலாம். அது தரும் சிறு சான்றுக் கோப்பையும் மூலக் கோப்பையும் இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு ஹாஷ் மாறிவிடும். ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். நீதிமன்றத்துக்குப் போகும் நிலை வந்தால், 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதிநியம (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63இன் கீழான சான்றிதழ் தேவைப்படும். அதன் படிவத்திலேயே ஹாஷ் எழுத இடம் இருக்கிறது.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீது, வங்கி விவரம், வாட்ஸ்அப் உரையாடல், ஸ்டிக்கரின் படம், டிரான்ஸாக்ஷன் எண்களை உடனே எடுத்து வையுங்கள். இணையவழிப் பணமோசடிக்கு 1930, நுகர்வோர் உதவிக்கு 1915. வணிகத்துக்காக வாங்கியது என்று சொல்லி எதிர்த்தரப்பு தப்பப் பார்க்கும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவரையும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கும் மனுவில் அதைத் தெளிவாக எழுதுங்கள். ஆதார் எண்ணைக் கொடுத்தவர்கள் ஆதார் ஆணையத்தின் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிடுங்கள், இனி கேட்கும் இடங்களில் ஆதாருக்குப் பதிலாகத் தரும் 16 இலக்க விர்ச்சுவல் ஐடியைக் கொடுங்கள். செயலி வராதவர்கள் 1947க்கு அழைத்துக் கேட்கலாம்.