எம்.ஆர்.என்.ஏவில் புரதம் எங்கே அமர்கிறது: ரிப், பார்-கிளிப், ஐ-கிளிப், இ-கிளிப் முறைகளில் எதை எடுப்பது?

ஒரு மரபணுவிலிருந்து எவ்வளவு புரதம் உருவாகும் என்பது எம்.ஆர்.என்.ஏவின் (மரபணுவின் செய்தியைப் புரத உற்பத்திக்குக் கொண்டுசெல்லும் ஆர்.என்.ஏ) அளவை மட்டும் பொறுத்ததல்ல. அதன்மேல் எந்தப் புரதம் எந்த இடத்தில் அமர்கிறது என்பதும் கணக்கில் வரும். செல்லில் இரும்பு குறைந்தால் ஐ.ஆர்.பி.1 புரதம் ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) எம்.ஆர்.என்.ஏவின் 5′ பகுதியில், அதாவது தொடக்க முனையில், அமர்ந்து மொழிபெயர்ப்பை (அதிலிருந்து புரதம் உருவாவதை) தடுக்கிறது. அதே புரதம் இரும்பைச் செல்லுக்குள் கொண்டுவரும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியின் எம்.ஆர்.என்.ஏவில் 3′ பகுதியில் (இறுதி முனையில்) அமர்ந்து அதைச் சிதையாமல் காக்கிறது. ஒட்டும் இடம் தெரியாமல் விளைவைச் சொல்ல முடியாது. அந்த இடத்தைத் தேடும் முறைகளை எடைபோட வேண்டியதும் இதை வைத்துத்தான்.

ரிப் (ஆர்.என்.ஏ இம்யூனோபிரெசிபிடேஷன்) எளிமையானது. செல்லை உடைத்து, அந்தப் புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியால் அதை இழுத்து, கூடவே வந்த ஆர்.என்.ஏவை க்யூ.பி.சி.ஆரில் (நகலெடுத்து அளவிடும் சோதனை) அளந்தால் போதும். ஆனால் செல் உடைந்த பிறகு புரதங்கள் பழைய ஆர்.என்.ஏவை விட்டுப் புதியதில் ஒட்டக்கூடும். 2004-இல் மிலி, ஸ்டைட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். அதனால் கழுவும் கரைசலை அதிகம் கடுமையாக்கினால் உண்மையான பிணைப்பும் போகும், மென்மையாக விட்டால் பொய்யானதும் தங்கும். இடத்தையும் இது காட்டாது. ஏற்கெனவே தெரிந்த ஓர் இலக்கை உறுதிப்படுத்த ரிப் போதும். புதிய இலக்குகளைத் தேட அதை நம்ப வேண்டாம்.

கிளிப் (குறுக்குப் பிணைத்து ஆன்டிபாடியால் இழுத்தல்) வகை முறைகள் அனைத்தும் உயிருள்ள செல்லிலேயே புற ஊதா ஒளியால் புரதத்தையும் ஆர்.என்.ஏவையும் நிரந்தரமாகப் பிணைத்துவிடுகின்றன. 254 நானோமீட்டர் ஒளி நேரடியாகத் தொட்டுக்கொண்டிருப்பவற்றையே பிணைக்கும். புரதத்தோடு புரதத்தைப் பிணைக்காது. எனவே 1 மோலார் உப்பில் கழுவலாம், புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் எஸ்.டி.எஸ் ஜெல்லில் ஓட்டலாம். அடுத்து நைட்ரோசெல்லுலோஸ் தாளுக்கு மாற்றும்போது தனி ஆர்.என்.ஏ தாளில் தங்காமல் கடந்துவிடும். பொய்ப் பிணைப்பு பெருமளவு வடிவது இந்தப் படியில்தான். நேரத்தை மிச்சப்படுத்த இதைத் தவிர்ப்பவர்கள் பின்னால் தரவில் வருந்துவார்கள்.

இதில் சறுக்குவது பெரும்பாலும் ஆர்.என்.ஏவைத் துண்டாக்கும் ஆர்.என்.ஏஸ் நொதியின் அளவில். அதிகமானால் துண்டுகள் மரபணுத்தொகுதியில் ஒரே இடத்தில் பொருந்த முடியாத அளவு குறுகிவிடும். குறைந்தால் நீண்ட துண்டுகள் பரவலாகப் படிந்து, ஒட்டும் இடம் மங்கும். ஒவ்வொரு புதிய நொதித் தொகுதிக்கும் நீர்த்தலை மாற்றி மாற்றிச் சோதிப்பதே வழி.

பார்-கிளிப்பில் செல்களுக்கு முதல் நாளே 4-தயோயூரிடின் (ஆர்.என்.ஏவின் யூரிடினுக்கு மாற்றாகச் சேரும் பொருள், வழக்கமாக 100 மைக்ரோமோலார்) கொடுத்து, 365 நானோமீட்டரில் பிணைக்கிறோம். பிணைந்த இடத்தில் வரிசைப்படுத்திய தரவில் டி எழுத்து சி ஆக மாறித் தெரியும். பின்னணி இரைச்சலைப் பிரிக்க இது அருமையான அடையாளம். ஆனால் யூரிடின் அருகில் இல்லாத தளம் தப்பிவிடும், அதிக அளவு தயோயூரிடின் உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸைப் பாதிக்கும், திசுக்களில் ஊட்டுவதும் கடினம்.

ஐ-கிளிப் வேறொரு தடயத்தைப் பயன்படுத்துகிறது. புரோட்டினேஸ் கே நொதி புரதத்தைச் செரித்த பிறகும் ஒரு சிறு பெப்டைடு (புரதத் துணுக்கு) ஆர்.என்.ஏவில் ஒட்டியிருக்கும். ஆர்.என்.ஏவிலிருந்து டி.என்.ஏவாகப் பின்னோக்கிப் படியெடுக்கும் நொதி பெரும்பாலும் அதற்கு ஒரு நியூக்ளியோடைடு முன்பே நின்றுவிடும். எனவே அந்தப் படியான சி.டி.என்.ஏ முடியும் இடமே பிணைப்பைக் காட்டும். ஆரம்பகால கிளிப்பில் இப்படி நின்றுபோன படிகள் வீணாயின.

2016-இல் வந்த இ-கிளிப் அதே தடயத்தோடு இணைப்புப் படிகளைத் திறம்பட்டதாக்கியது. அதன் பெரிய பலம், அதே ஜெல்லில் அதே எடைப் பகுதியிலிருந்து வெட்டியெடுத்து வரிசைப்படுத்தும் உள்ளீட்டு மாதிரி (ஆன்டிபாடியால் இழுக்காத ஒப்பீட்டு மாதிரி). அதிகம் வெளிப்படும் எம்.ஆர்.என்.ஏக்கள் எங்கும் எட்டிப்பார்க்கும். இந்த ஒப்பீடு இல்லாமல் அவற்றை இலக்கு என்று அறிவிப்பது மிக எளிது. சுமார் 2 கோடி செல்களும் நல்ல ஆன்டிபாடியும் இருந்தால் எங்கள் தேர்வு இதுவே. எதை எடுத்தாலும் துண்டின் முனையில் ஒட்டும் இணைப்பானில் தற்செயல் குறியீடு (ஒவ்வொரு மூலக்கூறுக்கும் வேறாக அமையும் எழுத்து வரிசை) இருக்கட்டும், இல்லாவிட்டால் பி.சி.ஆர் நகல்களை உண்மையான மூலக்கூறுகளிலிருந்து பிரிக்க முடியாது. இரட்டை இழை ஆர்.என்.ஏவைப் பிடிக்கும் புரதங்கள் 254 நானோமீட்டரில் மோசமாகப் பிணையும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஒட்டும் இடங்களின் வரைபடம் கையில் வந்தாலும் பாதி வேலை பாக்கி. 3′ பகுதியின் ஏ-யூ நிறைந்த தொடர்களில் ஹெச்.யு.ஆர் என்ற புரதம் அமர்ந்தால் எம்.ஆர்.என்.ஏ நிலைக்கும், டி.டி.பி என்ற புரதம் அமர்ந்தால் அது சி.சி.ஆர்.4-நாட் நொதித் தொகுதியை அழைத்து பாலி-ஏ வாலைக் கத்தரித்துச் சிதைக்கும். இரண்டுக்கும் வரைபடம் ஏறக்குறைய ஒன்றே. புரதத்தைக் குறைத்துவிட்டு எம்.ஆர்.என்.ஏவின் அரை ஆயுளை அளந்தால்தான் வேறுபாடு தெரியும். படியெடுத்தலை நிறுத்தும் ஆக்டினோமைசின் டி மருந்தைக் கொடுத்து 0, 1, 2, 4 மணி நேரங்களில் அளப்பது வழக்கம். ஆனால் படியெடுத்தலை நிறுத்தினாலே ஹெச்.யு.ஆர் உட்கருவை விட்டு சைட்டோபிளாசத்தில் குவிகிறது. ஹெச்.யு.ஆரை ஆராய்பவர்கள் அந்த மருந்தை விட்டு, 4-தயோயூரிடினால் குறியிட்டுப் பின்தொடரும் முறைக்குப் போவது நல்லது.