தலைக்கு மேல் போகும் கப்பலுக்கு ஒரு அலாரம்: ஐந்துக்கு மூன்றரை

ஆப்பின் பெயரை எழுதப் போவதில்லை. இந்த வகையில் நாலைந்து இருக்கின்றன, பேத்தி இறக்கிக் கொடுத்தது இது. பெயர் போட்டால் காசு வாங்கிக்கொண்டு எழுதினேன் என்று மருமகன் கிண்டல் செய்வான். சர்வதேச விண்வெளி நிலையம் நம் ஊர் வானத்தில் எப்போது தெரியும், எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று சொல்லும், பத்து நிமிடம் முன்னால் மணி அடிக்கும். வேலை அவ்வளவுதான்.

நான் கடலூர் முதுநகர். இருபத்தாறு வருஷம் சரக்குக் கப்பல்களில் எஞ்சின் ரூம் ஃபிட்டர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு என்று ஓட்டியவன். இப்போது சாயங்காலமானால் வீட்டுக்காரியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போய்க் கொஞ்ச நேரம் மணலில் உட்கார்ந்துவிட்டு வருவதுதான் டூட்டி. பார்க்கும் இடம் தெரிந்தால்தான் ஆப் பற்றிச் சொல்வது புரியும் என்பதால் இதெல்லாம்.

முதல் நாள் ஏமாந்தோம். ஆறு மணி 52 நிமிடம், வடமேற்கு என்று போட்டிருந்தது. திரையில் ஒரு அம்புக்குறி வரும், போனை அது காட்டும் பக்கம் திருப்பினால் நிலையம் வரும் இடம் தெரியும் என்று பேத்தி சொல்லியிருந்தாள். அம்பு நேராகக் கடலைக் காட்டியது. கடல் கிழக்கு, கழுதைக்குக்கூடத் தெரியும். இருந்தாலும் மெஷின் சொல்கிறதே என்று கடலையே பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னால் சுண்டல் விற்ற பையன், "அண்ணா, அங்க பாருங்க, ஏதோ போவுது" என்று கை நீட்டியபோது அது முக்கால்வாசி வானத்தைத் தாண்டிவிட்டது.

கோளாறு ஆப்பில் இல்லை. போன் உறையில் மூடுவதற்கு ஒரு சின்னக் காந்தம் இருந்தது. கப்பலில் காம்பஸ் பக்கத்தில் ஸ்பேனர் வைத்தால்கூட செகண்ட் ஆபீசர் கத்துவார். அப்படிப்பட்ட இடத்தில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு எனக்கே இது தோன்றவில்லை. உறையைக் கழற்றினேன், அம்பு ஒழுங்காக ஊர்ப் பக்கம் திரும்பியது. வாங்குகிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் உறையைப் பாருங்கள்.

அதற்கப்புறம் ஒரு தடவைகூட நேரம் தப்பவில்லை. இது சாதாரண விஷயம் இல்லை. மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில், 400 கிலோமீட்டர் உயரத்தில் போகிற சாமானை நிமிடக் கணக்கில் சொல்கிறது. நம் ஊர் டவுன் பஸ்ஸுக்கு யாராவது இப்படி ஒரு ஆப் போட்டால் சந்தோஷம்.

பட்டியலில் வருவதை எல்லாம் பார்க்க ஓடாதீர்கள். ஒவ்வொரு வருகைக்கும் பக்கத்தில் உயரம் என்று ஒரு எண் இருக்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அந்த முஷ்டியின் அகலம் ஏறக்குறைய பத்து டிகிரி. உயரம் 15, 20 என்றால் ஊர்ப் பக்கம் தென்னை மரமும் கட்டடமும் மறைத்துவிடும். நாற்பதுக்கு மேல் இருந்தால் மட்டும் கிளம்புங்கள். அதிகம் போனால் ஆறு நிமிடம் தெரியும். எப்போதும் மேற்குப் பக்கத்திலிருந்துதான் வரும், விமானம் மாதிரி மினுக்காது, ஒரே சீரான வெளிச்சம். அது நிலையத்தின் விளக்கு என்று நினைத்திருந்தேன். இல்லை, சூரிய ஒளி. நமக்குப் பொழுது சாய்ந்த பிறகும் அவ்வளவு உயரத்தில் வெயில் அடிக்கிறது, அதனால்தான் சாயங்காலமும் விடியலிலும் மட்டும் காட்சி. கடலுக்கு மேலே போகும்போது பூமியின் நிழலுக்குள் நுழைந்து, அடிவானத்துக்கு இறங்கும் முன்பே மங்கிப் போய்விடும். யாரோ திரியைத் தணித்த மாதிரி. தொண்ணூறு சொச்சம் நிமிடத்தில் ஒரு சுற்று முடித்துத் திரும்ப வரும், ஆனால் அதற்குள் பூமி திரும்பியிருக்கும், அது அரபிக்கடல் பக்கம் போயிருக்கும். உட்கார்ந்து காத்திருந்து பிரயோஜனமில்லை.

குறை என்று பார்த்தால் முதலில் விளம்பரம். மணி அடித்ததும் ஆப்பைத் திறந்தால் ஏதோ சீட்டாட்ட விளம்பரம் முப்பது வினாடி ஓடுகிறது. 299 ரூபாய் கட்டினால் போய்விடுமாம். இரண்டாவது, மேகம் என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது "அருமையான காட்சி, வெளியே வாருங்கள்" என்று மணி அடிக்கும்.

ஆனால் என்னுடைய பெரிய வருத்தம் வேறு. அது ஒரு புள்ளி போகிறது என்று மட்டும்தான் சொல்கிறது. அந்தப் புள்ளிக்குள் வழக்கமாக ஏழு பேர் இருக்கிறார்கள். 2000 நவம்பர் 2 முதல் ஒரு நாள்கூட அது காலியாக இருந்ததில்லை. அந்த ஏழு பேர் இந்த நிமிடம் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு வரி போட்டால் என்ன? "மேல போறவங்க சாப்பிட்டாங்களா?" என்று வீட்டுக்காரி முதல் நாளே கேட்டாள். ஆப்பில் பதில் இல்லை.

நானே கணக்குப் போட்டேன். அங்கே கடிகாரம் கிரீன்விச் நேரம், அது எனக்குப் பழகினதுதான், கப்பல் லாக்கில் எழுதுகிற நேரம். காலை ஆறு மணி வாக்கில் எழுந்திருக்கிறார்கள், இரவு ஒன்பதரைக்குப் படுக்கிறார்கள். நம் மணியோடு ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். சில்வர் பீச்சில் ஆறே முக்கால், ஏழு மணிக்கு நாம் அண்ணாந்து பார்க்கும்போது அங்கே மத்தியானம் ஒன்றேகால், ஒன்றரை. சாப்பாடு முடிந்து வேலைக்குத் திரும்புகிற நேரம். அவளிடம், "சாப்பிட்டிருப்பாங்க" என்று சொன்னேன்.

என்ன சாப்பாடு என்றால், ரொட்டி கிடையாது. தூள் உதிர்ந்து மிதந்து கண்ணிலும் கருவியிலும் போகும், அதனால் சப்பாத்தி மாதிரி டார்ட்டில்லா. உப்பும் மிளகும்கூடத் திரவமாகத்தான். 2025 ஜூனில் போன நம் சுபான்ஷு சுக்லா கேரட் அல்வா எடுத்துப் போனார். அல்வா மிதந்து போகாதா என்று அவளுக்குச் சந்தேகம். ஒட்டுகிற பதார்த்தம் கரண்டியை விட்டுப் போகாது. அங்கே நம் அல்வாதான் ஒழுங்கான சாப்பாடு.

பிறகு நாசாவின் நேரலையும் வீடியோக்களும் பார்க்கப் பார்க்க, எனக்கு அது எஞ்சின் ரூம் மாதிரியே ஆகிவிட்டது. ராத்திரி பகலாக விசிறிச் சத்தம். பம்ப் மாற்றுவது, ஃபில்டர் துடைப்பது, கழிவறை ரிப்பேர். சனிக்கிழமை எல்லாரும் வாக்குவம் கிளீனர் பிடிக்கிறார்கள், எங்களுக்கும் அநேகமாக சனிக்கிழமைதான் கேபின் இன்ஸ்பெக்‌ஷன். தொலைந்துபோன பேனா, திருகு எல்லாம் காற்றோட்டத்தோடு போய் ஃபில்டர் வலையில் ஒட்டிக்கொண்டிருக்குமாம். நாங்கள் பில்ஜில், அதாவது கப்பலின் அடித்தட்டுக் குழியில் தேடுவோம், அவர்கள் வலையில் தேடுகிறார்கள். 2023 நவம்பரில் வெளியே வேலை பார்த்தபோது ஒரு டூல் பையே கைநழுவிப் போய்விட்டது. கீழேயிருந்து பைனாகுலரில் அதைப் பார்த்தவர்கள் உண்டு. நான் விட்ட ஸ்பேனரை சீஃப் இன்ஜினியர் ஒருத்தர்தான் பார்த்தார், அதற்கே அந்தத் திட்டு.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். கப்பலில் எஞ்சின் சூட்டிலேயே கடல் தண்ணீரைக் காய்ச்சி நல்ல தண்ணீர் எடுக்கிற மெஷின் என் பொறுப்பில் இருந்தது. கெட்டுப்போனாலும் சுற்றிலும் கடல், அடுத்த துறைமுகத்தில் நிரப்பிக்கொள்ளலாம். அங்கே மூச்சில் வருகிற ஈரம், வேர்வை, மூத்திரம் எல்லாவற்றையும் சுத்தம் செய்து திரும்பக் குடிக்கிறார்கள். நூற்றுக்கு 98 பங்கு மீட்டுவிட்டதாக 2023-இல் சொன்னார்கள். ஆனால் துணி துவைக்கத் தண்ணீர் கிடையாது. போட்ட துணியையே பல நாள் போட்டு, பிறகு குப்பையோடு சரக்குக் கலத்தில் அடைத்துவிடுவார்கள். அது கீழே இறங்கும்போது காற்றில் எரிந்துபோகும். "துவைக்கிற வேலை இல்ல, நல்ல இடம்தான்" என்றாள் வீட்டுக்காரி. தினம் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி, இல்லாவிட்டால் எலும்பும் தசையும் தேய்ந்துவிடும் என்றதும் அந்த ஆசை போய்விட்டது.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு ஜீரணமாகவில்லை. ராத்திரி ஏழு பேரும் ஒன்றாகத் தூங்குகிறார்கள். அப்படியானால் வாட்ச், அதாவது முழித்திருந்து கவனிக்கிற காவல், யார்? கப்பலில் நாலு மணி நேரத்துக்கு ஒருத்தர் முழித்திருந்தே ஆகவேண்டும். இங்கே அந்த வாட்ச் கீழே, ஹூஸ்டன் மாதிரி கட்டுப்பாட்டு மையங்களில் ஷிஃப்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தன்னுடைய வாட்சை இன்னொரு கண்டத்தில் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க ஒரு மனது வேண்டும்.

சரி, மதிப்பெண். நேரம் சொல்வதற்கு ஐந்துக்கு ஐந்து. விளம்பரத்துக்கு ஒன்று, உள்ளே இருக்கிறவர்களைப் பற்றி மூச்சு விடாததற்கு அரை கழித்து மூன்றரை.  299 ரூபாயை நேற்றுக் கட்டிவிட்டேன்.

அடுத்த நல்ல வருகை வியாழக்கிழமை விடியற்காலை 5:11, உயரம் 63. மொட்டை மாடியிலிருந்தே தெரியும், அலாரம் வைக்கட்டுமா என்று கேட்டேன். அவள் அதற்குள் என் கணக்கைக் கற்றுக்கொண்டுவிட்டாள். "அப்போ அங்க ராத்திரி பதினொன்னே முக்கால் ஆச்சே. தூங்குறவங்களை எழுந்து போய்ப் பாக்கணுமாங்க?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.