போன் நெட்டைக் கணினிக்குக் கொடுக்க மூன்று வழி: ஹாட்ஸ்பாட், கேபிள், புளூடூத் - எது தேறுகிறது?

போனில் ஓடும் நெட்டைக் கணினிக்குக் கொடுக்க இன்றைய ஸ்மார்ட்போன்களில் மூன்று வழி இருக்கிறது: வைஃபை ஹாட்ஸ்பாட், யூஎஸ்பி டெதரிங், புளூடூத் டெதரிங். முதலாவதைத் தெரியாதவர் இல்லை. மூன்றாவது இருப்பதையே பலர் மறந்துவிட்டார்கள். நடுவில் இருக்கும் கேபிள் வழியைத்தான் யாரும் மதிப்பதில்லை. ஆனால் ஒரே மேசையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் வேலை பார்ப்பவருக்கு முதல் மதிப்பெண் அதற்குத்தான்.

ஹாட்ஸ்பாட்டில் இருந்து தொடங்கலாம். எதையும் செருக வேண்டாம், பல கருவிகள் ஒரே நேரத்தில் ஏறலாம், போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் நடக்கலாம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், நெட்வொர்க் & இன்டர்நெட், ஹாட்ஸ்பாட் & டெதரிங் என்று போனால் வந்துவிடும். பாஸ்வேர்ட் குறைந்தது 8 எழுத்து இருக்க வேண்டும், அதுவும் ஆங்கில எழுத்து, எண், குறிகள் மட்டும்தான். தமிழில் பாஸ்வேர்ட் வைக்க ஆசைப்பட்டால் அடுத்த கருவி ஏறாது.

இதில் பாதிப் புகார்கள் ஒரே ஒரு தேர்வில் இருந்து வருபவை: 2.4 கிகாஹெர்ட்ஸா, 5 கிகாஹெர்ட்ஸா? போனும் லேப்டாப்பும் ஒரே அறையில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 5 போடுங்கள். 2.4 சுவரைத் தாண்டும், தூரம் போகும், அது உண்மைதான். ஆனால் அந்த அலைவரிசை சந்தைக் கடை மாதிரி. அக்கம்பக்கத்து ரவுட்டர்கள், புளூடூத் இயர்போன், வயர்லெஸ் மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் கூடுகின்றன. யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கும் இந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும், இன்டெல் 2012இலேயே இதை அளந்து எழுதியது. லேப்டாப்பின் ஓரத்தில் அப்படி ஒரு டிஸ்க்கைச் செருகியதும் ஹாட்ஸ்பாட் தள்ளாடினால் காரணம் அதுவாக இருக்கலாம். டிஸ்க்கை மறுபக்க போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள், இல்லையென்றால் போனை 5-க்கு மாற்றுங்கள்.

எதிர்த்திசைச் சிக்கலும் உண்டு. போன் 5-இல் ஒலிபரப்புகிறது, பழைய லேப்டாப்புக்கு 2.4 மட்டும்தான் தெரியும். அப்போது ஹாட்ஸ்பாட்டின் பெயரே பட்டியலில் வராது. ஆண்ட்ராய்டில் பேண்ட் என்ற இடத்தில் மாற்ற வேண்டும். ஐபோன் 12-இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் பெர்சனல் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்று ஒரு பொத்தான் இருக்கும், அதைப் போட்டால் 2.4-க்கு இறங்கும். பெயர் தெரிந்தும், பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் ஏறவில்லையா? பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கருவிகளுக்கு அது புரியாது. டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 இரண்டும் சேர்ந்த தேர்வு போதும்.

ஐபோனுக்கு இன்னொரு குணம். எந்தக் கருவியும் ஏறாத நேரத்தில் பெயரை ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்காது. அதனால் லேப்டாப் ஏறும் வரைக்கும் பெர்சனல் ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் இதற்கு ஈடான தொல்லை, கொஞ்ச நேரம் யாரும் இல்லையென்றால் தானாக அணைவது. பல போன்களில் 10 நிமிடம். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் நெட் காணாமல் போயிருப்பதன் ரகசியம் இதுதான். ஹாட்ஸ்பாட் பக்கத்தின் அடியில் 'டர்ன் ஆஃப் ஹாட்ஸ்பாட் ஆட்டோமேட்டிக்கலி' இருக்கும், வேண்டுமானால் அணைத்துக்கொள்ளலாம். மறந்துபோனால் பேட்டரி போகும், அவ்வளவுதான்.

இனி கேபிள்.

போனையும் கணினியையும் டேட்டா கேபிளால் இணைத்துவிட்டு அதே ஹாட்ஸ்பாட் & டெதரிங் பக்கத்துக்குப் போய் யூஎஸ்பி டெதரிங்கை இயக்க வேண்டும். வரிசை முக்கியம். கேபிள் செருகாதவரை அந்தப் பொத்தான் மங்கிப்போய்த்தான் இருக்கும். செருகிய பிறகும் மங்கலாகவே இருந்தால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. சாதாரண யூஎஸ்பி கேபிளில் நான்கு கம்பி இருக்கும், இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவான சார்ஜிங் கேபிள்களில் தகவல் கம்பி இரண்டையும் விட்டுவிடுவார்கள். சார்ஜ் ஏறும், கணினிக்குப் போன் வந்ததே தெரியாது. சோதிப்பது எளிது: அந்தக் கேபிளில் போட்டோ ஒன்றைக் கணினிக்கு நகலெடுக்க முடிகிறதா? முடியாவிட்டால் டெதரிங்கும் நடக்காது.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஆண்ட்ராய்டுக்கான டிரைவர் (கருவியைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள்) உள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் போட வேண்டாம். லினக்ஸிலும் அப்படியே. இதன் அருமை புதிதாக விண்டோஸ் நிறுவிய கணினியில் தெரியும். வைஃபை டிரைவர் இல்லை, டிரைவரை இறக்க நெட் இல்லை, நெட்டுக்கு வைஃபை வேண்டும் என்று சுற்றிச் சுற்றி வரும் அந்த முடிச்சைக் கேபிள் ஒரு நிமிடத்தில் அவிழ்த்துவிடும். மொபைல் டேட்டாவே செலவாக வேண்டியதில்லை. போனை வீட்டு வைஃபையில் ஏற்றிவிட்டு யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால், அந்த வைஃபை நெட்தான் கேபிள் வழியாகப் போகும். வைஃபை கார்டு இல்லாத மேசைக் கணினிக்குப் போனே வைஃபை கார்டாகிவிடுகிறது.

வேகம் எப்படி? டைப்-சி ஓட்டை இருப்பதால் எல்லாப் போனும் வேகமான யூஎஸ்பி என்று நினைக்க வேண்டாம். நடுத்தர விலைப் போன்கள் பலவற்றில் உள்ளே ஓடுவது யூஎஸ்பி 2.0தான். காகிதக் கணக்கில் நொடிக்கு 480 மெகாபிட், கையில் கிடைப்பது அதற்குக் கணிசமாகக் கீழே. 4ஜிக்கு இது தாராளம். நல்ல 5ஜி கிடைக்கும் இடத்தில் மட்டும் கேபிள் ஒரு தடையாகலாம். ஆனால் கேபிளின் உண்மையான லாபம் வேகத்தில் இல்லை, சீரில் இருக்கிறது. வீடியோ காலில் குரல் அறுந்து அறுந்து வருவது, முகம் உறைந்து நிற்பது போன்றவை பல நேரம் சிக்னலால் வருவதில்லை, போனுக்கும் லேப்டாப்புக்கும் இடையே உள்ள ஒரு மீட்டர் காற்றால் வருகின்றன. கேபிள் அந்த ஒரு மீட்டரைக் கணக்கில் இருந்தே நீக்கிவிடுகிறது.

இதை நீங்களே அளக்கலாம். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஆங்கிலத்தில் அடித்தால் 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரியில் ஒரு எண் வரும். அதுதான் போனின் முகவரி. ஐபோன் என்றால் 172.20.10.1 ஆக இருக்கும், பழைய ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டில் 192.168.43.1, புதியவற்றில் வேறு வேறு எண்கள் வரும். முதலில் அந்த முகவரிக்குப் பிங் கொடுங்கள், அதாவது ping என்று அடித்து இடைவெளி விட்டு முகவரியைப் போடுங்கள், பதில் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும். அடுத்து 8.8.8.8-க்கு, அது வெளியே இருக்கும் கூகுள் சர்வர். கேபிளில் கேட்வே பதில் ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் திரும்பும். வைஃபையில் 3, 5, 80, 4, 150 என்று குதித்தால் பழுது உங்கள் அறைக்குள் இருக்கிறது. பேண்டை மாற்றுங்கள், இல்லையென்றால் கேபிளுக்கு வாருங்கள். கேட்வே சீராக இருந்து 8.8.8.8 மட்டும் திணறினால் சிக்கல் போனுக்கும் டவருக்கும் நடுவே. இந்த இரண்டையும் பிரிக்காமல் 'நெட் ஸ்லோ' என்று போனை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை.

டவர் பக்கம் பார்க்க வேண்டுமானால் ஆண்ட்ராய்டில் அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போய் சிக்னல் ஸ்ட்ரெங்த் எண்ணைப் பாருங்கள். மைனஸில் இருக்கும். 4ஜியில் -80 அளவு நன்று, -100 ஓடும், -110-க்குக் கீழே போனால் இழுபறி. ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் இந்த விவரம் வரும். போனை மேசையில் இருந்து ஜன்னல் ஓரத்துக்கு நகர்த்திப் பார்த்தால் எண் பத்துப் புள்ளி ஏறுவது சாதாரணம், பத்துப் புள்ளி என்பது பத்து மடங்கு சக்தி. அதற்குத்தான் கொஞ்சம் நீளமான கேபிள். யூஎஸ்பி 2.0-க்கு 5 மீட்டர் வரை அனுமதி உண்டு, 2 அல்லது 3 மீட்டர் தரமான கேபிள் போதும்.

கேபிளின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். மேக் கணினியில் இது பெரும் ஏமாற்றம். யூஎஸ்பி வழியே நெட் அனுப்ப ஆண்ட்ராய்டு போன்கள் பல காலமாகப் பயன்படுத்தும் ஆர்என்டிஐஎஸ் முறையை மேக் தானாக ஏற்பதில்லை. அதே வேலைக்கான என்சிஎம் முறைக்கு மாறிய புதிய போன்கள்தான் அங்கே வேலை செய்யும். ஐபோனை மேக்கில் செருகினால் சிக்கல் இல்லை. ஐபோனை விண்டோஸில் செருகுவதாக இருந்தால் ஆப்பிள் டிவைசஸ் செயலியோ ஐடியூன்ஸோ முதலில் இருக்க வேண்டும், போனில் வரும் 'ட்ரஸ்ட்' கேள்விக்கும் சம்மதம் தர வேண்டும்.

இன்னொன்று, கேபிளைப் பிடுங்கினால் டெதரிங் அணைந்துவிடும். மறுபடி செருகினால் தானாக வராது. தளர்ந்த போர்ட் இருக்கும் போனில் கை பட்டாலே இது நடக்கும். ஆண்ட்ராய்டில் இதற்கு வழி இருக்கிறது. அபவுட் போனில் பில்டு நம்பரை 7 முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, 'டிஃபால்ட் யூஎஸ்பி கான்ஃபிகரேஷன்' என்ற இடத்தில் யூஎஸ்பி டெதரிங்கைத் தேர்ந்துவிடுங்கள். அதற்குப் பிறகு பூட்டுத் திறந்த போனைச் செருகினாலே நெட் ஏறிவிடும்.

சார்ஜ் விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், அதாவது 2.5 வாட். யூஎஸ்பி 3.0 என்றால் 900. சிக்னல் மெலிந்த இடத்தில் போன் அதைவிட அதிகமாகத் தின்னும், கேபிள் செருகியிருந்தும் சதவீதம் மெல்ல இறங்கும். அது பழுது அல்ல. போன் சூடானால் கவரைக் கழற்றுங்கள், தலையணை மேல் வைக்காதீர்கள்.

பணம் கரையும் இடம் ஒன்று இருக்கிறது, விவரம் தெரிந்தவர்களே இதில் வழுக்குவார்கள். ஹாட்ஸ்பாட்டுக்கு விண்டோஸில் 'மீட்டர்டு கனெக்ஷன்' (இது அளவான டேட்டா, சிக்கனமாகச் செலவிடு என்று சொல்லும் தேர்வு) போட்டு வைத்திருப்பார்கள், அதனால் பெரிய அப்டேட்டுகள் பெரும்பாலும் காத்திருக்கும். ஒருநாள் கேபிளுக்கு மாறுவார்கள். விண்டோஸின் கண்ணுக்கு அது வைஃபை இல்லை, புதிய ஈதர்நெட் இணைப்பு. பழைய கட்டுப்பாடு இதற்குப் பொருந்தாது. அப்டேட்டும் கிளவுட் ஒத்திசைவும் தடையில்லாமல் ஓடி ஒருநாள் டேட்டாவை ஒரு மணி நேரத்தில் குடித்துவிடும். கேபிள் செருகிய உடனே செட்டிங்ஸ், நெட்வொர்க் & இன்டர்நெட், ஈதர்நெட் என்று போய் அங்கேயும் மீட்டர்டைப் போடுங்கள். மேக்கில் வைஃபை ஹாட்ஸ்பாட்டுக்கு 'லோ டேட்டா மோட்' உண்டு.

இணைந்துவிட்டது, ஆனால் நெட் வரவில்லை என்பது மூன்று வழிக்கும் பொதுவான வியாதி. முதலில் போனிலேயே ஒரு பக்கம் திறக்கிறதா பாருங்கள். அங்கே வந்து கணினியில் வரவில்லையென்றால் ஆண்ட்ராய்டின் டேட்டா சேவர் போட்டிருக்கிறதா பாருங்கள், அது இருக்கும்போது பல போன்களில் டெதரிங் நடக்காது. அடுத்தது ஏபிஎன், அதாவது சேவையாளரின் நெட்டுக்குள் போன் நுழையும் வாசலுக்கான அமைப்பு. சிம் அமைப்பில் ஆக்சஸ் பாயின்ட் நேம்ஸ் என்ற பக்கத்தைத் திறந்து 'ஏபிஎன் டைப்' வரியைப் பாருங்கள். சில சேவைகளில் அங்கே டி-யூ-என் என்ற மூன்று ஆங்கில எழுத்து இல்லாவிட்டால் டெதரிங் தகவல் வெளியேறாது. ஏற்கெனவே இருப்பதற்குப் பின்னால் காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல், சிறிய எழுத்தில் சேர்க்க வேண்டும். பழைய வரியைப் படமெடுத்து வைத்துக்கொண்டு தொடுங்கள். இதற்கும் அசையவில்லையென்றால் உங்கள் திட்டத்தில் டெதரிங்குக்கே அனுமதி இல்லாமல் இருக்கலாம், சேவையாளரைத்தான் கேட்க வேண்டும்.

போனில் விபிஎன் (நெட் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் வசதி) போட்டிருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வழக்கமாக லேப்டாப்பின் போக்குவரத்து அந்த விபிஎன் வழியாகப் போகாது, நேராக வெளியே போகும். பாதுகாப்பு வேண்டுமானால் லேப்டாப்பிலேயே தனியாகப் போட வேண்டும்.

அழைப்பு வந்ததும் நெட் நின்றுவிடுகிறதா? வோல்ட்டி, அதாவது 4ஜியிலேயே பேசும் வசதி, அணைந்திருக்கலாம். அது இல்லாமல் போன் அழைப்புக்காகப் பழைய நெட்வொர்க்குக்கு இறங்கிவிடும். இரண்டு சிம் போட்டிருந்தால், டேட்டா இல்லாத சிம்மில் பேசும்போதும் இதே கதை நடக்கும். ஐபோனில் 'அலோ மொபைல் டேட்டா ஸ்விட்சிங்', ஆண்ட்ராய்டில் அழைப்பின்போது டேட்டாவை மாற்றும் தேர்வு இதற்கானவை. அப்போது டேட்டா மற்ற சிம்மில் இருந்து போகும், அதில் திட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் புளூடூத். இதன் உச்சவரம்பே நொடிக்கு 3 மெகாபிட், கையில் கிடைப்பது ஒன்று அல்லது இரண்டு. வீடியோவை மறந்துவிடலாம். ஆனால் போனில் 15 சதவீதம் சார்ஜ் மட்டும் மீதி இருந்து, கையில் கேபிள் இல்லாமல், நான்கு மின்னஞ்சல் அனுப்பியே ஆக வேண்டும் என்றால் இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. இணைத்தால் மட்டும் போதாது, இங்கேதான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். போனில் புளூடூத் டெதரிங்கை இயக்கிவிட்டு, விண்டோஸில் கடிகாரத்தின் பக்கத்தில் உள்ள புளூடூத் சின்னத்தை மவுஸின் வலது பொத்தானால் சொடுக்கி, 'ஜாயின் எ பெர்சனல் ஏரியா நெட்வொர்க்' திறந்து, போனைத் தேர்ந்து, 'கனெக்ட் யூசிங்' என்பதில் 'ஆக்சஸ் பாயின்ட்' கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் லேப்டாப்பில் புளூடூத் ஹெட்போனைக் கழற்றி வையுங்கள், இருக்கிற ஒல்லிக் குழாயில் பாட்டும் பங்கு கேட்டால் மின்னஞ்சல் நகராது.