வளாகத் தேர்வு கைவிட்டபின்: முகவரா, மின்னஞ்சலா, சேம்பர் வாசலா?

வளாகத் தேர்வில் என்னை எடுத்திருந்த சட்ட நிறுவனம், நான் இறுதியாண்டில் இருந்தபோது மார்ச் மாதத்தில் மூன்று வரிக் கடிதம் அனுப்பியது. இந்த ஆண்டு புதியவர்களைச் சேர்ப்பதாக இல்லையாம். வேலை கிடைத்த மகிழ்ச்சியில் விடுதி முழுவதும் இனிப்பு கொடுத்துப் பதினைந்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. கல்லூரி வேலைவாய்ப்புக் குழுவிடம் போனேன். அடுத்த நிறுவனம் எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

மிச்சமிருந்தவை மூன்று வழிகள். வேலைவாய்ப்பு முகவர்களையும் இணையதளங்களையும் நாடலாம், சட்ட நிறுவனங்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பலாம், உயர் நீதிமன்ற மூத்த வழக்கறிஞர்களின் சேம்பருக்கே, அதாவது அவர்களது அலுவலகத்துக்கே, போய்க் கேட்கலாம். மூன்றையும் செய்து பார்த்து மூன்றாவதில் நிலைத்தவன் நான். ஆகவே என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை ஒளிக்கப்போவதில்லை.

முகவர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவரை இடம் மாற்றிவிட்டால்தான் அவர்களுக்குத் தரகு கிடைக்கும், படித்து முடித்து நிற்பவரால் அவர்களுக்கு வருமானம் இல்லை. பதிவு செய்துவைப்பதில் நட்டமில்லை. பதிவுக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மின்னஞ்சல் அப்படி ஒதுக்கத்தக்கதல்ல. முதல் வாரத்தில் ஒரே கடிதத்தை ஏறத்தாழ நாற்பது நிறுவனங்களின் பொது முகவரிகளுக்கு அனுப்பினேன். தானியங்கிப் பதில்கள் சில வந்தன. மனிதர் எழுதியதாக வந்தது ஒன்றே ஒன்று. எங்கள் கல்லூரிக்கு ஒருமுறை உரையாற்ற வந்த ஒரு நிறுவனப் பங்குதாரருக்கு மட்டும் தனியாக எழுதியிருந்தேன். நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்த்துவைக்கும் நடுவரின் தீர்ப்பை, நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின் பிரிவு 34-இன்கீழ் நீதிமன்றம் ரத்து செய்யத்தான் முடியுமா, திருத்தவும் முடியுமா என்று அதில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தேன். (அப்போதைய விடை ‘திருத்த முடியாது’. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, வரம்புக்கு உட்பட்டு முடியும் என்றது.) "இடமில்லை, ஆனால் நல்ல கேள்வி" என்று அவர் எழுதினார். வேலை கிடைக்கவில்லை என்றாலும், எந்தக் கடிதத்துக்குப் பதில் வரும் என்பது விளங்கியது. நிறுவன வேலைதான் வேண்டும் என்பவர்கள் நாற்பது பொதுக் கடிதங்களை விட்டுவிட்டு, பெயர் தெரிந்த நாலு பேருக்கு நாலு தனிக் கடிதம் எழுதுங்கள்.

வணிக நிறுவனங்களின் உள் சட்டப் பிரிவில் சேர்வது பற்றி எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கும்வரை வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது என்கிறது வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதி 49. உரிமையியல் நீதிபதி தேர்வு எழுத மூன்று ஆண்டு தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், நீதித்துறைக் கனவு உள்ளவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தே சேர வேண்டும்.

இனி சேம்பர். இதில் எனக்கு எல்லாவற்றையும் முடிவு செய்து கொடுத்தது ஒரே விஷயம்: வேலை கொடுக்கப்போகிறவர் வேலை செய்வதை முன்கூட்டியே பார்த்துவிடலாம். நிறுவன அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்து, அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று நோட்டம் விட முடியாது. நீதிமன்றம் அப்படியல்ல. மறுநாள் வழக்குப் பட்டியல் முந்தைய மாலையே உயர் நீதிமன்ற இணையதளத்தில் வந்துவிடும். எந்த அறையில், எத்தனையாவது வழக்கில், யார் ஆஜராகிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்ய பார் கவுன்சிலின் விதி 36 இடம் தருவதில்லை. இணையதளம் வைத்துக்கொள்ள 2008-இல் அனுமதி வந்தபோதும் பெயர், முகவரி, தொழில் துறை போன்ற சில விவரங்களுக்கு மேல் போட முடியாது. ஆகவே ஒருவரைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொள்ள நீதிமன்ற அறையின் பின்பெஞ்சைவிட நல்ல இடம் இல்லை.

வாயிலில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினரிடம் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டிவிட்டு ஒரு வாரம் அங்கே போய் உட்கார்ந்தேன். முதலில் கவனித்தது பெரும்பெயர் பெற்ற ஒரு சீனியரை. நீதிபதி ஒரு பக்க எண்ணைக் கேட்டார். சீனியர் திரும்பி ஜூனியரை முறைத்தார். அந்தப் பையன் நடுங்கும் விரல்களால் தாள்களைப் புரட்டப் புரட்ட, வழக்குக் கட்டையே பிடுங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் வேறொரு அறையில் ஒரு பெண் வழக்கறிஞர் மேல்முறையீடு ஒன்றை நடத்தினார். காலவரம்பு பற்றிக் கேள்வி வந்ததும், "வழக்கு நிகழ்வுகளின் தேதிப் பட்டியலை என் ஜூனியர் தயாரித்தார், அவரே சொல்ல அனுமதிக்க வேண்டும்" என்று நீதிபதியிடம் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஜூனியர் நாலு வாக்கியம் பேசினார். நான் எழுத வேண்டிய கடிதம் யாருக்கு என்பது அங்கேயே தீர்மானமாகிவிட்டது.

அரைப் பக்கம்தான் எழுதினேன். எந்த அறையில் எந்த வழக்கைப் பார்த்தேன், அதில் எது என்னை ஈர்த்தது, எப்போது வழக்கறிஞராகப் பதிவு செய்வேன், தொழில் செய்வதற்கான அகில இந்திய பார் தேர்வை எப்போது எழுதுவேன் என்பவை மட்டும். அதைத் தம்புச் செட்டித் தெருவில் இருந்த சேம்பருக்கு நேரில் கொண்டுபோனேன். முதலில் சந்திக்க வேண்டியவர் குமாஸ்தா. அவரை அலட்சியம் செய்தவர்கள் உள்ளே போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"மேடம் ஆறரைக்கு வருவார் தம்பி. சாப்பிட்டீர்களா?"

"ஆயிற்று அண்ணே. காத்திருக்கிறேன்."

எட்டு மணிக்கு அழைத்தார். சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வழக்குக் கட்டை நகர்த்திவைத்து, "தேதிப் பட்டியல் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, நாளை இதே நேரம்" என்றார். திருவல்லிக்கேணி மேன்ஷனில் விடியும்வரை எழுதினேன். மறுநாள் அவர் சிவப்புப் பேனாவால் பதினோரு தேதிகளை அடித்தார். நான் விட்டிருந்த ஒரு தேதியைச் சேர்த்தார். சட்ட அறிவிப்பு எதிர்தரப்பின் கைக்குப் போய்ச் சேர்ந்த நாள் அது. திங்கட்கிழமை வரச் சொன்னார்.

பணம் என்று வந்தால் சேம்பர் தோற்கும். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. அதற்கு முன்பே சேர்ந்த எனக்குத் தொடக்கத்தில் கிடைத்தது 20,000-இல் பாதி. எல்லாச் சேம்பர்களும் இன்று அந்தத் தொகையைக் கொடுக்கின்றன என்று நான் உறுதி கூற மாட்டேன். முதல் நாளே கேட்டுவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். வீட்டுக்குப் பணம் அனுப்பியாக வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு நிறுவன மின்னஞ்சலே சரி, சேம்பர் பெருமை பேசி அவர்களை நான் இழுக்க மாட்டேன்.

இன்னொரு தயக்கமும் உண்டு. முன்பின் தெரியாத சேம்பரில் இரவு எட்டு மணிவரை காத்திருந்தது ஆணான எனக்கு எளிதாக இருந்தது. என் வகுப்புத் தோழி ஒருத்தி, நேரம் குறித்து அழைக்கும் நிறுவன நேர்காணலே தனக்கு நிம்மதி என்றாள், அங்கேயே சேர்ந்தும்விட்டாள். அவள் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. நான் பார்த்தது சென்னை மட்டும்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது என்று கேட்டால், கோடை விடுமுறைக்கு முந்தைய ஏப்ரல் வேண்டாம், எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். மே மாதம் ஆளே இருக்க மாட்டார்கள். ஜூனில் நீதிமன்றம் திறந்து ஒரு வாரம் போகட்டும், மாலையில் போங்கள். இப்போது எங்கள் சேம்பருக்கு வரும் கடிதங்களை முதலில் பிரிப்பவன் நான்தான். சென்ற ஜூனில் வந்தவற்றில் பாதிக்கு மேல் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கின. அவற்றை நான் மேடத்தின் மேசைக்குக் கொண்டுபோகவில்லை.